ஃபெரிட்டின் ஏறினால் இரும்பு ஏறிவிட்டதா? காசநோயும் சாப்பாடும்: வாசகர் கேள்விகள்

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களும் அனுப்பிய கடிதங்களில் பலவற்றோடு ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளும் சேர்ந்து வந்திருந்தது. எண்ணைப் பார்த்துப் பயப்படுவது, பயந்த எண்ணுக்கு ஒரு டானிக் வாங்குவது, இரண்டுமே அவற்றில் தெரிகிறது. நெஞ்சகநோய் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. மருந்தின் அளவை மாற்றுவதாக இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்பாவுக்கு 52 வயது. இரண்டு வாரம் முன்பு நுரையீரல் காசநோய் என்று உறுதியானது. உயரம் 165 செ.மீ., எடை 44 கிலோ. ஹீமோகுளோபின் 9.2, எம்சிவி 84, ஈஎஸ்ஆர் 96, சிஆர்பி 74, அல்புமின் 2.7, குளோபுலின் 4.6, ஃபெரிட்டின் 640. "ரத்தமே இல்லை, இரும்பு டானிக் கொடுங்கள்" என்கிறார் மருந்துக்கடைக்காரர். "ஃபெரிட்டின் எகிறிக் கிடக்கிறது, முருங்கைக்கீரைகூடக் கூடாது" என்கிறார் லேபில் இருப்பவர். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், மதுரை)

இருவரும் ஆளுக்கு ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். இந்தத் தாளில் முதலில் படிக்க வேண்டியது சிஆர்பி. உடலுக்குள் அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது கல்லீரல் சுரக்கும் புரதம் அது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது, அப்பாவுக்கு 74. கல்லீரல் இந்த வேலையில் இறங்கிவிட்டால் சிலவற்றைக் கூட்டித் தயாரிக்கும், சிலவற்றைக் குறைத்துவிடும். கூட்டுகிற பட்டியலில் சிஆர்பியோடு, இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டினும் உண்டு. குறைக்கிற பட்டியலில் முதலிடம் அல்புமின் என்ற ரத்தப் புரதத்துக்கு. ஆக, ஃபெரிட்டின் 640 என்பதும் அல்புமின் 2.7 என்பதும் ஒரே நெருப்பின் இரண்டு பக்கங்கள்.

இப்போது இரும்புக்கு வருவோம். காசநோய்க் கிருமி வளர இரும்பு தேவை. அதைக் கொடுக்காமல் இருக்க உடல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ரத்தத்தில் ஓடும் இரும்பை எல்லாம் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்களுக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறது. திருட்டுப் பயம் உள்ள ஊரில் நகையை எடுத்துப் பெட்டகத்தில் வைப்பதுபோல. இதில் வேடிக்கை, காசநோய்க் கிருமி குடியிருப்பதே அந்த விழுங்கணுக்களுக்குள்தான். எப்படியோ, இரும்பு உள்ளே பூட்டிக் கிடக்க, சிவப்பணு தயாரிக்கும் எலும்பு மஜ்ஜை வெறுங்கையோடு நிற்கிறது. அதனால்தான் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் உயர்ந்தும், ஹீமோகுளோபின் தாழ்ந்தும் இருக்கிறது. சிவப்பணுவின் பருமனைச் சொல்லும் எம்சிவி 84 இயல்பு வரம்பான 80 முதல் 100-க்குள் இருப்பதும் இதைத்தான் காட்டுகிறது. வெறும் இரும்புக் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் 80-க்குக் கீழே போயிருக்கும்.

இந்த நிலையில் இரும்பு மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? ஹெப்சிடின் குடலின் வாசலையும் அடைத்து வைத்திருப்பதால் கொடுத்ததில் பெரும்பகுதி உறிஞ்சப்படாது. மலம் கறுக்கும், வயிறு கட்டும், ஏற்கெனவே காசநோய் மாத்திரையால் இருக்கும் குமட்டல் கூடும். குமட்டலுக்குப் பயந்து அப்பா காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டால் அதுதான் பெரிய நஷ்டம். எனவே இப்போது இரும்பு டானிக் வேண்டாம். ஆனால் முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), கேழ்வரகு இவற்றை நிறுத்தச் சொன்னது தவறு. சாப்பாட்டில் வரும் இரும்புக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மருந்து வேலை செய்து அழற்சி தணியத் தணிய பூட்டு தானாகத் திறக்கும். இரண்டு மாதம் கழித்து ஹீமோகுளோபினையும் சிஆர்பியையும் மறுபடி பாருங்கள். சிஆர்பி இறங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, எம்சிவி 80-க்குக் கீழ், ஃபெரிட்டின் 100-க்குக் கீழ், ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் நிஜமாகவே இரும்புப் பஞ்சமும் சேர்ந்திருக்கிறது. அப்போது மருத்துவர் இரும்பு எழுதுவார். மாதவிடாயில் அதிக ரத்தம் போகிற பெண்களுக்கும், மூலத்தில் ரத்தம் கசிகிறவர்களுக்கும், கொக்கிப்புழு உள்ளவர்களுக்கும் இந்தச் சந்தேகம் முன்கூட்டியே வர வேண்டும். ஹீமோகுளோபின் 7-ஐ நெருங்கினாலோ, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அல்புமின் பற்றி ஒன்று. அல்புமினும் குளோபுலினும் சேர்ந்த மொத்தப் புரதம் உங்கள் தாளில் 7.3, அதாவது இயல்பு. அதைப் பார்த்து 'புரதம் சரியாக இருக்கிறது' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கிருமியோடு சண்டை போடும் குளோபுலின் ஏறி, அல்புமின் இறங்கியதை மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். அல்புமின் குறைவு என்றவுடன் விலை உயர்ந்த புரதப் பவுடர் வாங்குவதும் அவசரம். ரத்தத்திலுள்ள அல்புமினில் பாதி மாறவே ஏறத்தாழ 20 நாள் பிடிக்கும். போன வாரம் தின்ற முட்டை இந்த வாரத் தாளில் தெரியாது. வாராவாரம் பரிசோதிப்பது காசுக்குக் கேடு. சிஆர்பியை மாதம் ஒருமுறை, அல்புமினை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் தாராளம். அழற்சியைக் காட்டும் இன்னொரு எண்ணான ஈஎஸ்ஆர் இறங்க மாதக்கணக்கில் ஆகும். அது மெதுவாக இறங்குகிறதே என்று மருந்தைச் சந்தேகிக்காதீர்கள்.

லேபை மாற்றுகிறவர்கள் அலகைக் கவனியுங்கள். சில லேப்கள் சிஆர்பியை லிட்டர் கணக்கிலும் சில டெசிலிட்டர் கணக்கிலும் தருகின்றன. இங்கே 74 என்பது அங்கே 7.4. "பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டு ஏமாறக் கூடாது.

அப்பாவின் தாளில் உண்மையிலேயே எங்களைக் கவலைப்பட வைக்கும் எண் நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான்: 44 கிலோ. 165 செ.மீ. உயரத்துக்கு அது உடல் நிறை குறியீட்டெண் 16.2. 18.5-க்குக் கீழ் என்றாலே எடைக்குறைவு, 16-க்குக் கீழ் என்றால் கடுமையான குறைவு. அவர் விளிம்பில் நிற்கிறார். அடுத்த பதில் அவருக்கும் சேர்த்து.

"நன்றாகச் சத்தாகச் சாப்பிடுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு என்று ஒருவரும் சொல்வதில்லை. ரேஷன் அரிசியும், மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகையும்தான் கையில் இருக்கிறது. (வாசகி, தேனி)

கணக்கு எளிது. இப்போதைய எடையை விட்டுவிட்டு, எட்ட வேண்டிய எடைக்குக் கணக்குப் போட வேண்டும். உயரத்தை மீட்டரில் எழுதி, அதையே அதனால் பெருக்கி, 21-ஆல் பெருக்குங்கள். 165 செ.மீ. என்றால் 57 கிலோ. ஒரு கிலோவுக்கு 40 கலோரி வீதம் நாளைக்கு 2,280 கலோரி. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 68 முதல் 85 கிராம்.

தட்டில் அது இப்படி வரும். இட்லி, தோசை, சோறு எல்லாம் சேர்த்து அரிசி 300 கிராம், மாவில் போகும் உளுந்து 30 கிராம், துவரம்பருப்பு 50 கிராம், முட்டை 2, பால் 400 மில்லி, வறுத்த வேர்க்கடலை 40 கிராம், எண்ணெய் 30 மில்லி, கீரையும் காயும் 200 கிராம், ஒரு வாழைப்பழம். அரிசியும் பருப்பும் சமைக்கும் முன் உள்ள எடை. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 2,300 கலோரி, 79 கிராம் புரதம். இதில் 300 கிராம் அரிசி தரும் புரதம் 23 கிராம்தான். மூன்று வேளையும் வயிறு முட்டச் சோறும் ரசமும் சாப்பிட்டு, "நல்லாத்தான் சாப்பிடுறாரு, உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்று சொல்லப்படுகிறவர்களின் கணக்கு இந்த 23-இல்தான் நின்றுபோயிருக்கும்.

ரேஷனில் அரிசியோடு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. விட்டுவிடாதீர்கள். காசநோயாளிகளுக்கு மத்திய அரசு தரும் நிக்‌ஷய் போஷன் உதவித்தொகை 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பர் முதல் 1,000 ஆகியிருக்கிறது. அந்தப் பணத்தை முட்டைக்கும் வேர்க்கடலைக்கும் பாலுக்கும் ஒதுக்குங்கள். ஆப்பிள், ஆரஞ்சு, டப்பாவில் வரும் சத்துப் பானம் எல்லாம் கடைசி வரிசை. முட்டை சாப்பிடாத வீடுகளில் 25 கிராம் சோயா உருண்டை இரண்டு முட்டையின் புரதத்தை ஈடு செய்துவிடும். நெத்திலிக் கருவாடும் புரதம் மிகுந்ததுதான். உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல், பசி இருக்காது. முதல் மாதம் நாலு வாய்க்கு மேல் இறங்காது. அப்போது பலர் வீட்டில் நடப்பது, தண்ணீரும் கொஞ்சம் மாவுமாக ஒரு சொம்பு கஞ்சி. வயிறு நிறைந்துவிடும், கலோரி நூறுகூடத் தேறாது. அதே ஒரு டம்ளரைக் கனமாக்கலாம். 20 கிராம் கேழ்வரகு மாவை 100 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே ஐந்தாறு நிமிடம் வேகவிடுங்கள். 150 மில்லி பால் சேர்த்து ஒரு கொதி. இறக்கியபின் 15 கிராம் வேர்க்கடலைப் பொடியும் 10 கிராம் வெல்லமும். ஒரு டம்ளரில் சுமார் 275 கலோரி, 10 கிராம் புரதம். காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்குமாக இரண்டு டம்ளர் கொடுத்தால் விட்டுப்போன ஒரு வேளைச் சாப்பாடு ஈடாகிவிடும்.

மாவு கூடப் போட்டால் களிபோல் ஆகிவிடுகிறதே என்பீர்கள். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, நிழலில் காயவைத்து, வறுக்காமல் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி, கை பொறுக்கும் சூட்டுக்கும் சற்று மேலே ஆறியபின் இந்த மாவில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் நீர்த்துவிடும். முளையில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வருவது. நீர்த்தபின் ஒருமுறை கொதிக்கவிட்டு இறக்குங்கள். மாவை வறுத்துவிட்டால் அமைலேஸ் செத்துப்போகும், பலன் இராது.

மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி வருகிறது. சாப்பிட்டுவிட்டுப் போடலாமா? கேஸ் மாத்திரை சேர்த்துக்கொள்ளலாமா? (வாசகர், கும்பகோணம்)

காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் வெறும் வயிற்றில்தான் நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. முதல் வழி ஒத்துவராதவர்கள் இரண்டாவதைப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்துப் பத்து மணிக்குப் படுக்கும் முன் போட்டால் குமட்டல் தூக்கத்தில் கழிந்துவிடும். அதுவும் முடியவில்லை என்றால் இரண்டு இட்லியோடு போடுங்கள். உறிஞ்சுவது சற்றுக் குறைந்தாலும் வாந்தியில் முழு வேளையும் போவதைவிட அது மேல். எண்ணெய் மிதக்கும் பூரிக்குப் பின் போடுவதுதான் மோசம்.

அலுமினியம் கலந்த அமில முறிவு மருந்துகள், அந்த ரோஸ் நிறத் திரவம் உட்பட, ஐசோனியசிடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் காசநோய் மாத்திரைக்கு இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

இன்னொன்று, பலருக்கு யாரும் சொல்லியிராதது. ஐசோனியசிட் சாப்பிடும் காலத்தில் சூரை மீன், நெடுநேரம் ஐஸ் இல்லாமல் கிடந்த கானாங்கெளுத்தி, நாள்பட்ட சீஸ் இவற்றால் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கலாம். மீன் கெடத் தொடங்கும்போது உண்டாகும் ஹிஸ்டமினை உடைக்கும் நொதியை இந்த மருந்து தடுத்துவிடுவதுதான் காரணம். பலர் இதை மாத்திரை அலர்ஜி என்று நினைத்து மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். மீனை மாற்றினால் போதும். புதிதாகப் பிடித்த சங்கராவோ நெத்திலியோ சாப்பிடலாம்.

சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம். இருமல் போய்விட்டது, சளியில் கிருமி இல்லை என்கிறார்கள். ஆனால் 42 கிலோவிலிருந்து 42.4 கிலோதான் ஏறியிருக்கிறேன். கவலைப்பட வேண்டுமா? (வாசகர், திருவண்ணாமலை)

கிருமி போனது நல்ல செய்தி. எடையைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படுங்கள். ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ரேஷன்ஸ் என்ற ஆய்வு நடந்தது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பை, அதாவது நாளைக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கொடுத்தார்கள். 2023-இல் வெளியான முடிவில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்த எண் இது: இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவு. உங்கள் 42 கிலோவுக்கு 5 சதவீதம் என்றால் 2.1 கிலோ. நீங்கள் ஏறியது 400 கிராம். இரண்டு டம்ளர் தண்ணீரின் எடை.

முதலில் எடை போடும் விதம் சரியா என்று பாருங்கள். ஒரே இயந்திரம், காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், செருப்பில்லாமல், பையில் செல்போன் இல்லாமல். கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறதா என்றும் பாருங்கள். வீக்கம் இருந்தால் இயந்திரம் தண்ணீரையும் சேர்த்துக் காட்டும். ஆரம்பத்தில் வீக்கம் இருந்து இப்போது வடிந்திருந்தால் கதை தலைகீழ், நிஜத்தில் நீங்கள் ஏறியிருக்கிறீர்கள்.

அளவு சரி என்றால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: சர்க்கரை பார்த்தாயிற்றா, எச்ஐவி பார்த்தாயிற்றா, ஆரம்பத்தில் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உள்ள கிருமியா என்று சோதித்தார்களா. நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குடற்புழு, தைராய்டு, மதுப்பழக்கம் இவையும் எடையை ஏறவிடாது. இதெல்லாம் இல்லை என்றால் மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி வையுங்கள். வீட்டுக்கு வீடு சாக்கு வேறாக இருந்தாலும், தாளில் தெரிவது பெரும்பாலும் பருப்பும் முட்டையும் பால் டம்ளரும் இல்லாத நாட்கள்தான்.

எடை ஏறும்போது ஒரு வேலை உண்டு. முதல் இரண்டு மாதக் கூட்டு மாத்திரை 35 முதல் 49 கிலோ வரை 3, 50 முதல் 64 கிலோ வரை 4. ஐந்து கிலோவோ அதற்கு மேலோ ஏறி அடுத்த பிரிவுக்குப் போய்விட்டால் மாத்திரை எண்ணிக்கையும் மாற வேண்டும். அட்டையில் பழைய எடையே இருந்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. இப்போது காசநோயும். மாத்திரை ஆரம்பித்தபின் சர்க்கரை 300-ஐத் தாண்டுகிறது. சோற்றை நிறுத்திவிட்டோம். எடை குறைந்துகொண்டே போகிறது. (வாசகி, சேலம்)

சோற்றை நிறுத்தியதுதான் எடை குறையக் காரணம். சர்க்கரை ஏறியதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அழற்சியே சர்க்கரையை ஏற்றும். அதோடு, ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சீக்கிரமே கரைத்து வெளியேற்றிவிடுகிறது. பழைய மாத்திரை பழைய அளவில் இருந்தாலும் அம்மாவின் ரத்தத்தில் அது குறைவாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அது பசியை மட்டுப்படுத்தும், மெலிந்தவர்களுக்கு அது ஒரு குறை. இவ்வளவு உயர்ந்த சர்க்கரையில், எடையும் இறங்கும் நிலையில், இன்சுலின்தான் நல்ல வழி. "இன்சுலின் போட்டால் வாழ்நாள் முழுக்க" என்ற பயத்தில் தள்ளிப்போடாதீர்கள். காசநோய் அடங்கியபின் பலருக்கு மாத்திரைக்குத் திரும்ப முடிகிறது.

சோற்றைத் திரும்பக் கொடுங்கள். ஒரு வேளைக்குத் தட்டில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு சோறு, அதே அளவு பருப்பு அல்லது முட்டை அல்லது மீன், மீதி காய். வெல்லம், சர்க்கரை, பழச்சாறு மட்டும் கிடையாது. கலோரியைக் குறைக்காமல் அரிசியின் பங்கில் கொஞ்சத்தை வேர்க்கடலைக்கும் எண்ணெய்க்கும் மாற்றுவதுதான் வித்தை.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணைத் தனியாக நம்பாதீர்கள். இரும்புக்குறைவு ரத்தசோகை இருந்தால் அது பொய்யாக ஏறிக்காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தால் இறங்கிக்காட்டும். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு சேர்த்துப் பாருங்கள். இன்னொன்றை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்: ரிஃபாம்பிசின் நிறுத்திய இரண்டு வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். கூட்டிய சர்க்கரை மருந்தை அப்போது குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

யூரிக் ஆசிட் 9.8. முட்டி வலி. பருப்பை நிறுத்தச் சொல்கிறார்கள். (வாசகர், விழுப்புரம்)

பருப்பு என்ன பாவம் செய்தது? காசநோய்க் கூட்டு மாத்திரையில் உள்ள பைராசினமைடு, சிறுநீரகத்தின் வழியாக யூரிக் ஆசிட் வெளியேறுவதைத் தடுக்கிறது. அதைத் தின்கிற பெரும்பாலோருக்கு எண் ஏறும். வலி இல்லை என்றால் எண்ணுக்கு மருந்து வேண்டாம், வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டு வலி மாத்திரை. வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில் பைராசினமைடு முதல் இரண்டு மாதத்தோடு முடிகிறது, எண்ணும் இறங்கிவிடும். பருப்பை விடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மூட்டு சிவந்து வீங்கினால் மட்டும் காட்டுங்கள்.

உள்ளங்கால் எரிச்சல் தாங்கவில்லை. பி காம்ப்ளக்ஸ் எத்தனை போடலாம்? (வாசகர், தூத்துக்குடி)

ஐசோனியசிட் உடலில் உள்ள பி6, அதாவது பைரிடாக்சினை வெளியேற்றுவதால் வரும் நரம்புப் பாதிப்பு அது. தடுப்பதற்கு நாளைக்கு 10 மில்லிகிராம் போதும், அரசு மருத்துவமனையில் மாத்திரையோடு தருவார்கள். எரிச்சல் தொடங்கிவிட்டால் 100 மில்லிகிராம் வரை மருத்துவர் எழுதுவார். நீங்களாகக் கூட்டாதீர்கள், ஏனென்றால் பி6-ஐ மிக அதிகமாக நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். மெலிந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குடிப்பவர்கள் முதல் நாளிலிருந்தே இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எஸ்ஜிபிடி 130 என்று வந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி கொடுக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

எஸ்ஜிபிடி கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எண். லேபின் மேல்வரம்பு 40 என்றால் 130 என்பது மூன்று மடங்குக்குச் சற்று மேல். இங்கே எண்ணைவிட அறிகுறி முக்கியம். வாந்தி, வலப்பக்க வயிற்று வலி, கண்ணில் மஞ்சள் ஏதாவது இருந்தால் மூன்று மடங்கிலேயே மருந்தை நிறுத்துவார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டால் ஐந்து மடங்கு வரை பொறுத்து, அடிக்கடி பரிசோதிப்பார்கள். அறிகுறி இருந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினின் சாயம், அதை மஞ்சள் காமாலை என்று நினைக்காதீர்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

மெலிந்தவர்களுக்கும் அல்புமின் குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். மாத்திரைக் காலத்தில் மது ஒரு சொட்டும் வேண்டாம். கீழாநெல்லியோ லிவர் டானிக்கோ காசநோய் மருந்தின் இடத்தைப் பிடிக்காது. நிறுத்திய மருந்தை எப்படி, எந்த வரிசையில் திரும்பத் தொடங்குவது என்பது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

வைட்டமின் டி 11 என்று வந்ததால் 6 லட்சம் யூனிட் ஊசி போடச் சொன்னார்கள். போடலாமா? (வாசகர், கோவை)

நாங்கள் போடமாட்டோம். காசநோய்க் கட்டிகளில் உள்ள அணுக்கள், சிறுநீரகத்தின் கட்டுப்பாடு இல்லாமல், வைட்டமின் டியை அதன் வீரிய வடிவத்துக்குத் தாங்களே மாற்றும். ஒரேயடியாக இறக்கினால் சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் எகிறி, தாகமும் மலச்சிக்கலும் வாந்தியும் குழப்பமும் வரும். காசநோய் சீக்கிரம் குணமாகும் என்ற எண்ணத்தில் லண்டனில் அதிக அளவு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கால்சியம் பார்த்துவிட்டு, தேவையென்றால் சிறு அளவில் போதும்.

தங்கைக்கு 150 செ.மீ. உயரம், 29 கிலோதான் இருக்கிறாள். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எழுந்து நிற்கவும் முடியவில்லை. கறி, பால், குளுக்கோஸ் எல்லாம் கொடுத்து வீட்டிலேயே தேற்றிவிடலாமா? (பெயர் வேண்டாம், ஈரோடு)

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் உங்களுக்கு நேராகவே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறோம். அவளுடைய குறியீட்டெண் 12.9. தமிழகத்தில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லா திட்டத்தில், நோய் கண்டுபிடித்த அன்றே சிலவற்றைப் பார்க்கிறார்கள்: குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழா, 16 வரை இருந்து இரு காலிலும் வீக்கமா, நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சா, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழா, பிடிக்காமல் நிற்க முடியவில்லையா. இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர். தங்கைக்கு இரண்டு இருக்கிறது.

பட்டினி கிடந்த உடலுக்கு ஒரே நாளில் நிறைய ஊட்டுவது ஆபத்து. சாப்பிடாத நாட்களில் உடல் கொழுப்பை எரித்து ஓட்டுகிறது. திடீரெனக் குளுக்கோஸ் வந்தால் இன்சுலின் பொங்கி, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியத்தை அணுக்களுக்குள் இழுத்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மூச்சு முட்டும், கால் வீங்கும், நினைவு தடுமாறும், இதயத் துடிப்பு தவறும். நன்றாகச் சாப்பிடத் தொடங்கியபின் போய்விட்டார் என்று வீடுகளில் சொல்லப்படும் சில சாவுகளுக்குப் பின்னால் இது இருந்திருக்கலாம். மருத்துவமனையில் முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு கிலோவுக்கு 5 முதல் 10 கலோரி, அதாவது அவளுக்கு நாளைக்கு அதிகம் போனால் 300 கலோரியில் தொடங்கி, இந்த உப்புகளைத் தினமும் பார்த்துக்கொண்டே ஒரு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுபோவார்கள். 300 கலோரி என்பது மேலே சொன்ன கஞ்சியில் ஒரு டம்ளர். உறவினர்கள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுக்கும் பிரியாணிப் பொட்டலம்தான் வார்டில் எங்களுக்குப் பயம்.

கணவருக்குக் காசநோய். குழந்தைகளுக்கும் தனிச் சாப்பாடு வேண்டுமா? (வாசகி, புதுக்கோட்டை)

முதலில் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சாப்பாடும் வேண்டும். மேலே சொன்ன ஜார்க்கண்ட் ஆய்வின் மறுபாதி உங்களைப் போன்ற வீடுகளைப் பற்றியது. வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அதில் பாதி. அவ்வளவுதான் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பெருவின் லிமா நகரில் நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தவர்களைக் கவனித்தபோது, வைட்டமின் ஏ குறைந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு இருந்தது. முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட், முட்டை மஞ்சள் கரு. தேட வேண்டிய பொருளே இல்லை.

அந்தக் காலத்தில் காசநோயாளிகளைத் தங்கவைத்த சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும்தானே மருந்து? இப்போது மாத்திரை எதற்கு? (வாசகர், தாம்பரம்)

இதற்குப் பதில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஒரே மருந்தைச் சிலருக்கு சானடோரியத்திலும் சிலருக்குக் குடிசை வீட்டிலும் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகமாக உழைத்தார்கள். எடையும் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கு ஏறவில்லை. ஆனால் 1959-இல் வெளியான முடிவில் கிருமி ஒழிந்தது இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கிருமியைக் கொல்வது மருந்து என்று அதில் தெளிவாயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு 'சாப்பாடு முக்கியமில்லை' என்று பல வருடம் பேசியது மருத்துவ உலகத்தின் தவறு. கிருமி சாகும்வரை ஆள் தாங்க வேண்டுமே!

பச்சை முட்டை, ஆட்டு நுரையீரல் சூப், நண்டு ரசம். எது நல்லது? (வாசகர், ராமநாதபுரம்)

வேகவைத்த முட்டையின் புரதம் உடலில் சேரும் அளவுக்குப் பச்சை முட்டையுடையது சேராது, சால்மோனெல்லா கிருமி வேறு வரலாம். நுரையீரலைத் தின்றால் நுரையீரல் வளராது. சூப்பில் வெந்த கறியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு தண்ணீரை நோயாளிக்குக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை மாற்றி, கறியை அவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் சூப்பைக் குடியுங்கள். நண்டு ரசத்திலும் அப்படியே.